ஊம் கொட்டினால் போதுமா?

கதை கேட்பவருக்கு நம் ஊர்களில் ஒரு வேலை உண்டு. அவர் 'ஊம்' கொட்ட வேண்டும். "ஒரே ஒரு ஊர்ல ஒரு ராசா." "ஊம்." "அந்த ராசாவுக்கு மூணு பொண்ணு." "ஊம்." இப்படித்தான் கதை நகரும். ஊம் நின்றால் பாட்டியும் நிறுத்திவிடுவார். பேரன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். இந்தச் சின்னச் சத்தத்துக்குள் என்ன பெரிய விஷயம் இருந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது.

2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கிரெக் ஸ்டீபன்ஸ், லாரன் சில்பர்ட், யூரி ஹாசன் என்ற மூவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மூளையின் எந்தப் பகுதி எப்போது சுறுசுறுப்பாகிறது என்று காட்டும் காந்தக் கருவிக்குள் ஒரு பெண் படுத்துக்கொண்டு, தன் பள்ளி நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தை ஒத்திகை ஏதுமின்றிக் கதையாகச் சொன்னார். அதை ஒலிப்பதிவு செய்து, அதே போன்ற கருவிக்குள் வேறு சிலரைப் படுக்க வைத்துக் கேட்கச் செய்தார்கள். சொன்னவரின் மூளையும் கேட்டவர்களின் மூளையும் பல இடங்களில் ஒரே மாதிரி ஏறி இறங்கின. கேட்பவரின் மூளை பெரும்பாலும் சிறிது பின்தங்கியே வந்தது. இதில் வியப்பில்லை. ஆனால் சில பகுதிகளில் கேட்பவரின் மூளை, சொல்பவரின் மூளைக்கு முன்னால் ஓடியது! அடுத்து என்ன வரும் என்று அது ஊகித்துக்கொண்டிருந்தது. யாரிடம் இந்த முன்னோட்டம் அதிகமாக இருந்ததோ, அவருக்கே கதை நன்றாகப் புரிந்திருந்தது. கேட்பவர்களுக்குத் தெரியாத ரஷ்ய மொழியில் கதை சொன்னபோது இரண்டு மூளைகளுக்கும் இடையிலிருந்த ஒற்றுமை காணாமல் போயிற்று.

ஆகவே கதை கேட்கிற குழந்தை சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு ஊமுக்கும் பின்னால் அது தன் கதையை ஓர் அடி முன்னால் கட்டிக்கொண்டே போகிறது. என் கட்சி இதுதான்: அப்படிக் கட்டுகிற கதையை வெளியே கொண்டுவர நாம் இடம் கொடுப்பதில்லை. குழந்தை ஊம் கொட்டிவிட்டுத் தூங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். கதையைக் குழந்தையோடு சேர்ந்து ஆடும் விளையாட்டாக மாற்றினால், விஞ்ஞானிக்குத் தேவையான ஒரு பழக்கம் வீட்டுத் திண்ணையிலேயே வந்துவிடும். அந்த விளையாட்டை நடத்த வேண்டியவர்களும், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நீங்கள்தான்.

எங்கே நடத்துவது? ஆட்டையாம்பட்டியை எடுத்துக்கொள்வோம். சேலத்துக்குத் தெற்கே, நாமக்கல் மாவட்டத்தின் எல்லைக்கு அருகில் உள்ள பேரூர் அது. முறுக்குக்குப் பெயர் போனது. பச்சரிசி மாவும் உளுந்து மாவும் கலந்து பிசைந்த உருண்டையை விரல்களுக்கிடையே திரித்துத் திரித்துச் சுற்றுகிறார்களே, கைமுறுக்கு, அந்த வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? கண் விரலில் இருக்கும். விரல் மாவில் இருக்கும். காதும் வாயும் மட்டும் சும்மா இருக்கும். சுற்று வட்டாரத்தில் தறி வேலையும் உண்டு. தறிக்குத் தார் சுற்றுவதும் அப்படிப்பட்ட வேலையே. கதை பிறந்து வளர்ந்ததெல்லாம் இப்படிக் கை ஓயாமல், காது ஓய்ந்திருக்கும் இடங்களில்தான். (தமிழில் நெசவு நூலுக்கும் படிக்கிற நூலுக்கும் ஒரே சொல் இருப்பதை நினைத்துப் பாருங்கள். நூல் எழுதுவதை நூல் நூற்பதோடு ஒப்பிடுகிறது நன்னூல்.)

வீடுகளில் கதை குறைந்து போனதற்குத் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் திட்டுவது வழக்கமாகிவிட்டது. என்னைக் கேட்டால் விசைத்தறிக்கும் அதில் பங்கு உண்டு. கைத்தறியின் சத்தத்துக்கு ஒரு தாளம் இருந்தது. அந்தத் தாளத்துக்கு நடுவே பேச முடிந்தது. விசைத்தறி ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே கத்த வேண்டும். அங்கே எப்படிக் கதை சொல்வது? தறிக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் பிழைப்பு அது. கதை நின்று போனதற்கு மனிதர்களின் அக்கறையின்மை மட்டும் காரணமில்லை, காதுக்குக் கிடைக்கும் அமைதியும் ஒரு காரணம் என்றே சொல்ல வருகிறேன்.

"எங்களுக்கு என்னங்க கதை தெரியும்? வேலைக்கே நேரம் சரியாப் போகுது" என்று சொல்லும் தாய்மார்களை நீங்கள் அறிவீர்கள். உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில்: தனி நேரம் வேண்டாம். முறுக்குச் சுற்றும் நேரம் போதும். வெங்காயம் உரிக்கும் நேரம், தண்ணீர் பிடிக்க நிற்கும் நேரம், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் போதும். கதையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாதிக் கதையைக் குழந்தை தரும்.

ஈ தன் பெயரை மறந்த கதை உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். பெயரை மறந்த ஈ கன்றுக்குட்டியிடம் போய்க் கேட்கும். பிறகு அதன் தாயிடம். பிறகு மாடு மேய்ப்பவனிடம். அவன் கையில் உள்ள கோலிடம். கோல் கொடுத்த மரத்திடம். ஒவ்வொருவரிடமும் கேட்கும்போது அதற்கு முன் கேட்டவர்கள் அத்தனை பேரையும் வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். கடைசியில் குதிரை கனைக்கிற கனைப்பிலே அந்த ஈக்குத் தன் பெயர் கிடைத்துவிடும். இதைச் சொல்லிப் பாருங்கள். வரிசை நீள நீள நாக்குத் திணறும். குழந்தைகள் குலுங்கிச் சிரிக்கும்.

இனி விளையாட்டு. அந்த ஈயை ஆட்டையாம்பட்டிப் பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிடுங்கள். அது முதலில் யாரைக் கேட்கும்? "முறுக்கை!" என்பாள் தங்கை. சரி, முறுக்குக்குத் தெரியாவிட்டால் யாரைக் கேட்கச் சொல்லும்? முறுக்கு எதிலிருந்து வந்தது? மாவு. மாவு? அரிசி. அரிசி? நெல். நெல்? வயல். வயலுக்குத் தண்ணீர்? இப்போது கவனியுங்கள்: கன்று, பசு, மேய்ப்பன், கோல், மரம் என்று பழைய கதையில் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்ததைப் போலவே, ஒரு பொருளின் காரணத்தைப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போகிறாள் உங்கள் தங்கை. உணவுச் சங்கிலி, எரிபொருள், மழை எல்லாம் அதில் வந்து விழும். முறுக்கிலிருந்து புறப்பட்ட ஈ 8, 10 தாவலில் சூரியனிடம் போய் நிற்பதைத் தடுப்பது கடினம்!

விடுகதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியமே அதைப் 'பிசி' என்ற பெயரில் குறிப்பிடுகிறது, அவ்வளவு பழையது. ஒரு யோசனை மட்டும்: பழைய விடுகதைகளை விடுவிப்பதோடு நிற்காமல், கண்ணில் பட்ட பொருளுக்குப் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். "எண்ணெயில் குளித்தவன், வெந்ததும் சிவந்தவன், கடித்தால் மட்டும் பேசுவான்." விடை சொல்ல வேண்டுமா என்ன? ஒரு பொருளைப் பெயர் சொல்லாமல் அதன் குணங்களால் மட்டும் காட்டுவது, தாவரவியலில் நீங்கள் ஓர் இலையை வருணிக்கும் வேலைதான்.

நான் மிகவும் மதிக்கும் விளையாட்டு வேதாளத்தினுடையது. விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து செல்கிறான். அது ஒரு கதை சொல்லி, முடிவில் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்; வாய் திறந்தாலோ வேதாளம் மறுபடி முருங்கை மரத்துக்கே போய்விடும். 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் இக்கதைகள் உள்ளன. தமிழிலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகின்றன. இந்த அமைப்பை உற்றுப் பாருங்கள். கதை முடியும் இடத்தில் கேட்பவனுடைய வேலை ஆரம்பமாகிறது. ஊம் கொட்டினால் போதாது!

அதில் தலை மாறிய கதை ஒன்று. ஒருவனும் அவன் மைத்துனனும் கோயிலில் தங்கள் தலைகளைப் பலியிட்டுவிடுகிறார்கள். அவர்களைத் தேடி வந்த மனைவிக்கு, தலைகளை உடல்களோடு ஒட்டவைத்தால் பிழைப்பார்கள் என்று தேவி வரம் தருகிறாள். அவசரத்தில் அவள் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள்! இருவரும் எழுந்து நிற்கிறார்கள். இவர்களில் யார் அவள் கணவன்? தலை யாருடையதோ அவனே என்று அரசன் தீர்ப்புச் சொல்கிறான். ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன் 1940-இல் இந்தக் கதையை எடுத்து ஒரு நாவலே எழுதினார்.

அரசனின் விடையோடு நிறுத்தாமல் நீங்கள் மேலே கேளுங்கள். ஒரு நெசவாளியின் தலை, நெய்யவே தெரியாத ஒருவனின் உடலில் ஏறிவிட்டது. தறியில் உட்கார வைத்தால் நெய்வானா? சின்னவன், "நெய்வான், மூளைக்குத் தெரியுமே" என்பான். பெரியவள், "கை பழகலையே, எப்படி நெய்யும்?" என்பாள். சண்டை வரும், வரட்டும். கை பழகியது என்று நாம் சொல்லும் பழக்கம் உண்மையில் மூளையில் தங்குகிறது. அதிலும் பின்பக்கம் இருக்கும் சிறுமூளைக்கு அதில் பெரும் பங்கு. ஆனால் விரலின் காய்ப்பு, தசையின் பலம், கையின் நீளம் எல்லாம் உடலினுடையவை. அப்படியானால் அவன் முதல் நாள் எப்படி நெய்வான்? 10-ஆம் நாள்? 1967-இல் தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்டியன் பர்னார்டு ஒருவரின் இதயத்தை இன்னொருவருக்குப் பொருத்தினார். இதயம் மாறியவர் ஆள் மாறிவிட்டாரா? ஒரு வேதாளக் கதை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது, பார்த்தீர்களா?

விஞ்ஞானிகள் இப்படிக் கதை கட்டி விளையாடுவார்களா என்று சந்தேகப்படாதீர்கள். கலீலியோவின் 'இரு புதிய விஞ்ஞானங்கள்' என்ற நூல் 1638-இல் ஹாலந்தில் லெய்டன் நகரில் அச்சாயிற்று. பாடநூல் போல அது எழுதப்படவில்லை. மூன்று நண்பர்கள் நான்கு நாட்கள் கூடிப் பேசும் உரையாடலாக எழுதப்பட்டது. அதில் ஒரு கேள்வி வருகிறது. கனமான கல் வேகமாகவும் இலேசான கல் மெதுவாகவும் விழும் என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து நம்பி வந்தார்கள். சரி, ஒரு பெரிய கல்லையும் ஒரு சின்னக் கல்லையும் சேர்த்துக் கட்டிப் போடுவோம். மெதுவாக விழும் சின்னக் கல் பெரிய கல்லைப் பின்னுக்கு இழுக்கும். ஆகவே கட்டு, பெரிய கல்லை விட மெதுவாக விழ வேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்த கட்டு பெரிய கல்லை விடக் கனம்; ஆகவே அதை விட வேகமாக விழ வேண்டும். ஒரே கட்டு மெதுவாகவும் வேகமாகவும் எப்படி விழும்? பழைய நம்பிக்கை அந்த இடத்திலேயே உடைந்து போகிறது. காற்றுத் தடை இல்லையென்றால் இரண்டும் ஒன்றாகவே விழ வேண்டும். இந்த முடிவுக்கு வர ஒரு கல்லைக் கூடக் கையால் தொட வேண்டியிருக்கவில்லை. 1971-இல் அப்பல்லோ 15 விண்கலத்தில் சென்ற டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலவில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாகப் போட்டுக் காட்டினார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. ஒளிக்கதிரோடு கூடவே ஓடினால் என்ன தெரியும் என்று 16 வயதில் ஐன்ஸ்டைன் தன்னைத் தானே கேட்டுக்கொண்டதும் இந்த வகைக் கேள்விதான். "அப்படி இருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு, விளைவை விடாமல் தொடர்ந்து போவது. வேதாளம் செய்வதும் அதுதான், கலீலியோ செய்ததும் அதுதான்.

"கற்பனை எல்லாம் கவிஞனுக்கு, பரீட்சைக்கு ஞாபக சக்தி இருந்தால் போதும்" என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் நம் பள்ளிகளில் ஊறிப் போயிருக்கிறது. இது சரியல்ல என்பதற்கு இரண்டு சாட்சிகளை அழைக்கிறேன்.

முதல் சாட்சி, கேம்பிரிட்ஜில் உளவியல் பேராசிரியராக இருந்த பிரடெரிக் பார்ட்லெட். ஓர் அமெரிக்க இந்தியப் பழங்கதையைப் படிக்கச் சொல்லி, நினைவிலிருந்து திருப்பி எழுதச் சொன்னார்; ஒருவர் எழுதியதை அடுத்தவருக்குக் கொடுத்து, அவர் எழுதியதை அதற்கடுத்தவருக்குக் கொடுத்தார். 1932-இல் வந்த அவரது புத்தகத்தில் இதன் விவரம் உள்ளது. கதை சுருங்கியது மட்டுமல்ல. படித்தவர்களுக்குப் பழக்கமில்லாத பொருள்கள் பழக்கமானவையாக மாறிவிட்டன. கதையில் வந்த கடல்நாய் வேட்டை சாதாரண மீன்பிடிப்பாயிற்று. நினைவு என்பது பெட்டியில் வைத்ததை எடுப்பது போன்றதன்று, கிடைத்த துண்டுகளைக் கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது என்றார் பார்ட்லெட்.

இரண்டாவது சாட்சி இன்னும் வலுவானது. மூளையின் உட்புறத்தில் கடல்குதிரை வடிவத்தில் ஹிப்போகாம்பஸ் என்றொரு பகுதி உண்டு. அது பழுதானவர்களுக்குப் புதிய நிகழ்ச்சிகள் நினைவில் தங்குவதில்லை. 2007-இல் லண்டனில் டெமிஸ் ஹசாபிஸ், எலினார் மகுவயர் முதலியோர் இப்படிப்பட்ட நோயாளிகள் ஐவரிடம் பழைய நினைவைக் கேட்கவில்லை. நடக்காத காட்சிகளைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். ஓர் அழகான கடற்கரை மணலில் படுத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், என்ன தெரிகிறது? அவர்களில் பெரும்பாலோரால் அந்தக் காட்சியை முழுதாகக் கட்ட முடியவில்லை. துண்டு துண்டாகவே வந்தது. நினைவு போனபோது கற்பனையும் கூடவே போயிருந்தது! (இதே ஹசாபிஸ், புரதங்களின் வடிவத்தைக் கணினியால் ஊகிக்கும் முறைக்காக 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். சிறு வயதில் சதுரங்கத்தில் கெட்டிக்காரர், கணினி விளையாட்டுகள் அமைத்தவர். விளையாட்டைக் கேவலமாக நினைப்பவர்கள் கவனிக்க.)

ஆக, கற்பனை வானத்திலிருந்து குதிப்பதில்லை. கண்டதையும் கேட்டதையும் பிரித்து வேறு விதமாகக் கோப்பதுதான் அது. ரஷ்ய உளவியலறிஞர் வைகாட்ஸ்கி 1930-இலேயே இதைச் சொன்னார்: அனுபவம் எவ்வளவு வளமோ கற்பனையும் அவ்வளவு வளம். இதை ஆட்டையாம்பட்டியில் நின்று யோசியுங்கள். தறி, நாடா, சாயம் தோய்ந்த நூல், கொதிக்கும் எண்ணெய், மரவள்ளிக் காடு, ஜவ்வரிசி ஆலை என்று இத்தனையையும் பார்த்து வளரும் ஒரு பிள்ளையின் சரக்கு அறை காலியாகவா இருக்கும்? விலை கொடுத்து வாங்கிய பொம்மையும் ஆங்கிலக் கதைப் படங்களும் இல்லாததால் நம் வீட்டுப் பிள்ளைக்குக் கற்பனை வளராது என்று ஏங்கும் பெற்றோரிடம் இதை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். சரக்கு இருக்கிறது, கோப்பதற்குத்தான் ஆள் இல்லை.

கோப்பதற்கு இத்தாலிய எழுத்தாளர் ஜானி ரோடாரி ஒரு வழி சொன்னார். குழந்தைகளுக்குக் கதை கட்டக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று 1973-இல் ஒரு புத்தகமே எழுதியவர் அவர். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்களை எடுத்துக்கொள், அவற்றை உறவாட விடு என்றார். அவர் காட்டிய எடுத்துக்காட்டு: நாய், அலமாரி. நாய் அலமாரியைச் சுமந்து போகிறதா? அலமாரிக்குள் குடியிருக்கிறதா? வேற்றுமை உருபு மாற மாறக் கதை மாறும். நமக்கு நாயும் பூனையும் வேண்டாம். அவை ஏற்கெனவே பழகியவை. 'நாடா, நிலா' என்று வையுங்கள். நிலாவிலே நாடா, நிலாவுக்கு நாடா, நிலாவோடு நாடா. சீட்டுகளில் சொற்களை எழுதிப் போட்டு ஆளுக்கு இரண்டாக எடுக்கலாம். எட்டு வேற்றுமைகளையும் இதைவிடச் சந்தோஷமாகப் படிக்க வழி எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு சண்டையைத் தொடங்காமல் மேலே போக மனம் வரவில்லை. கதை முடிந்ததும் "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று கேட்கிறோமே, அதை வீட்டு விளையாட்டிலாவது விட்டுவிட வேண்டும். நீதிக் கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆட்டையாம்பட்டிக்கு அதிகத் தூரமில்லாத திருச்செங்கோட்டுப் பக்கத்தில், புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து 1929-இல் ராஜாஜி 'விமோசனம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். கல்கி அதில் துணை நின்றார். மதுவிலக்குக்காகவே நடந்த பத்திரிகை அது. கதையும் அந்த வேலைக்கே பயன்பட்டது. குடியால் நாசமாகும் குடும்பங்களின் நடுவே இருந்துகொண்டு அப்படி எழுதியது நியாயம். ஆனால் ஆறு வயதுப் பெண் இட்டுக்கட்டிய நரிக்கும் நிலாவுக்கும் நீதி எதற்கு? நீதி கேட்கப்படும் என்று தெரிந்தவுடன் பிள்ளை கதையை விட்டுவிட்டு நமக்குப் பிடித்த விடையைத் தேடத் தொடங்கிவிடும். பரீட்சை திண்ணைக்கே வந்துவிட்டது!

குஜராத்தில் பாவநகரில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஆசிரியரான கிஜுபாய் பதேகா இதை நன்றாக அறிந்திருந்தார். 1920-இல் தொடங்கிய குழந்தைகள் பள்ளியில் அவர் கதைக்குத் தனி இடம் கொடுத்தார். அவருடைய 'பகல் கனவு' தமிழிலும் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் முதல் நாள் பிள்ளைகளை அமைதியாக இருக்க வைக்கும் விளையாட்டில் தோற்றுப் போகிறார். கதை சொல்லத் தொடங்கியதும்தான் வகுப்பு அடங்குகிறது. பரிசும் தண்டனையும் இல்லாமல் கதையாலேயே பிள்ளைகளைப் படிப்புக்குள் இழுத்துக்கொண்டு போகிறார். ஆசிரியராக விரும்பும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய புத்தகம்.

"வேதாளம், பேய் என்று விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதுகிறீரே, மூடநம்பிக்கை வளராதா?" என்று ஒரு மாணவர் கேட்பது என் காதில் விழுகிறது. நல்ல கேள்வி. இரண்டு வயதுக் குழந்தை வாழைப்பழத்தைக் காதில் வைத்து 'அலோ' என்று பேசுகிறது. பேசி முடித்ததும் உரித்துத் தின்கிறது! அதற்குக் குழப்பம் ஏதுமில்லை. உளவியலறிஞர் ஆலன் லெஸ்லி 1987-இல் இந்த வாழைப்பழத் தொலைபேசியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, 'இருப்பது' வேறு 'வைத்துக்கொள்வது' வேறு என்று குழந்தையின் மனம் தனித்தனியே வைத்துக்கொள்வதை விளக்கினார். கெடுதல் வருவது எப்போது? "சாப்பிடாவிட்டால் பேய் பிடித்துக்கொண்டு போகும்" என்று பெரியவர்கள் கதைக்கு வெளியே பேயைக் கொண்டுவரும்போதுதான். கதைக்குள் இருக்கும் பேயைக் குழந்தைகளே கட்டுக்குள் வைத்துவிடுவார்கள். பேய்க்குக் கால் இல்லை என்று நீங்கள் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அது கதவை உதைத்தது என்று சொல்லிப் பாருங்கள். "காலே இல்லைன்னீங்க?" என்று பிடித்துவிடுவான் தம்பி. ஒரு முறை வகுத்த விதியை இடையில் மாற்றக் கூடாது என்று அவனுக்குத் தெரிகிறது. கலீலியோ அரிஸ்டாட்டிலைப் பிடித்ததும் இதே பிடிதான்.

கைப்பேசியும் கதை சொல்கிறதே என்பீர்கள். சொல்கிறது, நல்ல குரலில், படத்தோடு. ஆனால் "ஏன்?" என்று குழந்தை கேட்டால் அந்தப் படம் நிற்பதில்லை. படத்திலும் ஒரு சங்கடம் இருக்கிறது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' முழு நீள வண்ணத்தில் வந்த முதல் தமிழ்ப் படம். அருமையான படம்தான். ஆனால் அதைப் பார்த்தவர் மனத்தில் குகைக்கு ஒரே ஒரு கதவுதான். எந்தப் படமும் பார்க்காத மூன்று பிள்ளைகளுக்கு அந்தக் கதையை வாயால் சொல்லி, கதவை வரையச் சொல்லுங்கள். மூன்று கதவுகள் வருகின்றனவா இல்லையா, பாருங்கள்.

இதையெல்லாம் ஏன் பெற்றோரிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன்? அம்மாயிக்குக் கதை தெரியும், கலீலியோவைத் தெரியாது. அப்பா, அம்மாவுக்கு உழைப்பு முடியவே இரவாகிவிடுகிறது. தம்பி, தங்கைகளின் பேச்சு இன்னும் காதில் ஒலிக்கிற வயதும், மிதவையும் ஈர்ப்பும் படித்த அறிவும் ஒரே சமயத்தில் இருப்பது உங்களுக்கு மட்டும்தான். இன்னும் நான்கு ஆண்டுகளில் கல்லூரி, வேலை என்று நீங்கள் வெளியூர் போய்விடுவீர்கள். அம்மாயியிடமிருந்து கதைகளை வாங்கிக்கொள்ளவும் இதுதான் சமயம். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அவர் சொன்ன சொல்லிலேயே.

முதல் நாளுக்கு ஆட்டையாம்பட்டி வேதாளத்தின் கதை ஒன்றைத் தருகிறேன். ஒரு நெசவாளிக்கு அவர் அப்பாரு விட்டுப்போன கைத்தறி ஒன்று. ஓர் ஆண்டு மிதிப்பலகை உளுத்துப் போயிற்று, புதிது போட்டார். அடுத்த ஆண்டு அச்சு, பிறகு விழுது, படமரம், தூண்கள். 20 ஆண்டுகளில் பழைய துண்டு ஒன்று கூட மிச்சமில்லை. ஆனால் தறி ஒரு நாளும் நின்றதில்லை. அவர் தம்பி, அண்ணன் கழித்துப் போட்ட துண்டுகளையெல்லாம் பரணில் சேர்த்து வைத்திருந்தார். ஒரு நாள் அவற்றைச் சரிப்படுத்தி, பூட்டி, இன்னொரு தறியாக நிறுத்திவிட்டார். இரண்டு தறிகள் எதிரெதிரே நிற்கின்றன. "இதுதான் அப்பாரு தறி" என்கிறார் அண்ணன். "இல்லீங்கண்ணா, இதுதான்" என்கிறார் தம்பி. யார் சொல்வது சரி? (கிரேக்க நாட்டில் ஒரு கப்பலை வைத்து இதே வழக்கைப் பேசியிருக்கிறார்கள். இன்றும் தீர்ப்பு வரவில்லை.)

தம்பி, தங்கைகள் ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்த பிறகு இதையும் சொல்லுங்கள்: நம் இரத்தத்தில் உள்ள சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள்தான். போன பொங்கலுக்கு உங்கள் உடம்பில் ஓடியவற்றில் பெரும்பாலானவை அடுத்த பொங்கலுக்கு இருக்கப் போவதில்லை. அவர்கள் என்ன தீர்ப்புச் சொன்னார்கள், எதற்காகக் கட்சி மாறினார்கள் என்று ஆசிரியருக்கு எழுதி அனுப்புங்கள்.